மாண்டார்க்கும் மண் வேண்டும்

“இருப்பவனுக்கே வீடில்லை; செத்தவனுக்கு எதற்கு நிலம்?” என்னும் பேச்சு மலேசியத் தமிழர் கூட்டங்களில் அடிக்கடி எழுவது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். வறியோரின் குரல் போலவும் ஒலிக்கும். ஆனால் அதனைச் சொல்வோர் பெரும்பாலும் வீடில்லாதவர் அல்லர். தோட்டத்தை விற்றவர் சொல்கிறார்; வாங்கியவர் சொல்கிறார்; இடையே நின்று பேசி முடித்தவர் இருவரினும் உரக்கச் சொல்கிறார். லயத்திலே பிறந்து, பெரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, பால்மரத்தோடு முதுமையடைந்த கிழவி இதனைச் சொல்வதில்லை. கணவனைப் புதைத்த இடம் எதுவென்றுதான் அவள் கேட்கிறாள். அக்கேள்விக்கு விடை சொல்ல எவருக்கும் இயலவில்லை.

தெப்ராவ் என்னும் பெயரை இன்று கேட்போர்க்கு நெடுஞ்சாலையும் பேரங்காடிகளும், 2017ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட ஐக்கியா கடையுமே நினைவுக்கு வரும். அவ்வூரின் மண் அதனினும் பழைய கதை உடையது. 1844ஆம் ஆண்டில் தான் கீ சூன் என்பார் தம் ஆட்களோடு தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறி, கங்சூ முறையில் மிளகும் காம்பீரும் பயிரிட்டார். கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர் அக்காலத்தின் எச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர் வந்தனர். தெப்ராவ் தோட்டமும் அதன் அருகிருந்த மவுண்ட் ஆஸ்டின் தோட்டமும் அவர்கள் கையால் எழுந்தவை. பின்னர் செம்பனை வந்தது. அதன்பின் அடுக்குமாடி வீடுகளும் கடைத்தெருக்களும் வந்தன. மவுண்ட் ஆஸ்டின் இன்று ஒரு குடியிருப்பின் பெயர். தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரிலே ‘லாடாங்’ என்னும் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தைக் காணாத குழந்தைகள் தோட்டத்துப் பள்ளியிலே படிக்கின்றனர்.

தோட்டம் இருந்தபோது அதற்கொரு மயானமும் இருந்தது. மலையகத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. துரையின் பங்களா மேட்டிலே, லயங்கள் பள்ளத்திலே, கோயில் லயத்துக்கு அருகே, மயானம் கித்தாக் காட்டின் கடைசி நிரைக்கு அப்பால், ஆற்றோரத்திலோ மரம் நடத் தகாத சரிவிலோ. அது தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்ட நிலமன்று; புதைத்துக்கொள்ள விடப்பட்ட நிலம். கொடுத்தல் வேறு, விடுதல் வேறு. கொடுத்திருந்தால் எழுத்து இருந்திருக்கும். விட்டதனால் எழுத்து இல்லை. தோட்டத்தின் கிராண்டில் மேனிலை நிலம், தாழ்நிலம், சாலை, ஆறு என்பன உண்டு. முந்நூறு பேர் உறங்கும் இடம் என்று ஒரு கோடும் இல்லை. நிலம் கைமாறிய நாளில் மயானமும் உடன் கைமாறிற்று. அதனை எவரும் விற்கவுமில்லை, எவரும் தடுக்கவுமில்லை.

இந்த இடத்தில் பினாங்கை நினைத்தல் வேண்டும்.

ஜார்ஜ்டவுன் நகரில் பர்மா சாலைக்கும் மெக்காலிஸ்டர் சாலைக்கும் இடையே ஒரு சிறு இணைப்புச் சாலை உண்டு. அதன் ஓரத்தில், வாள்போல் வளைந்த வடிவில் 38,000 சதுர அடிக்குச் சற்று மிகுந்த ஒரு நிலம். ஓர் ஏக்கர்கூட இல்லை. யூதர் கல்லறை அது. 1805ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பர். அங்குள்ள கற்களுள் பழையது 1835ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாளைக் குறிக்கிறது. ஷோஷான் லெவி என்னும் பெண்மணியுடையது. அந்நிலத்தை ஈந்தவர் அவரே என்று நம்பப்படுகிறது. ஏறத்தாழ 107 கல்லறைகள் உள்ளன. பலவும் முக்கோண முகடு வைத்த பேழைபோல் அமைந்தவை. வடமேற்கு மூலையில் சில கல்லறைகள் மட்டும் விலகி நிற்கும். அவை கோஹென் குலத்தாருடையவை. ஆரோனின் வழிவந்த குருக்கள் குலத்தார் பிணத்தீட்டை விலக்க வேண்டியவர். ஆதலின் அக்குலத்து உறவினர் உள்ளே நுழையாமல் அருகே வந்து நிற்க இயலுமாறு ஓரத்திலே அவர்களுக்கு இடம் வகுப்பது யூதர் வழக்கம். தீட்டும் குலமும் எங்கும் உள்ளன போலும்!

அந்தச் சமூகம் இன்று பினாங்கில் இல்லை. நாகூர் சாலை 28ஆம் எண்ணில் 1929ஆம் ஆண்டில் அவர்களின் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினக் கடற்கரையிலுள்ள நாகூரின் பெயரைத் தாங்கிய தெருவிலே பாக்தாதிலிருந்து வந்த யூதர் வழிபட்டனர் என்பது பினாங்குக்கே உரிய அழகு. பொதுத் தொழுகைக்குப் பருவமெய்திய ஆடவர் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தப் பத்துப் பேரும் இல்லாமற் போகவே 1976ஆம் ஆண்டில் கூடம் மூடப்பட்டது. கல்லறையில் இறுதியாக நாட்டிய கல் 2011ஆம் ஆண்டுக்குரியது. அத்தீவின் கடைசி யூதர் அங்கே அடக்கமானார்.

வழிபட ஆளில்லை, வாரிசுகள் கடல்கடந்து போயினர், நகரின் நடுவே விலைமதிப்பற்ற நிலம். அப்படியிருந்தும் கல்லறை நிற்கிறது. எதனால்? கண்ணீரால் அன்று. 1885ஆம் ஆண்டில் ஓர் அறங்காவலர் குழு அமைக்கப்பட்டு, நிலம் அதன் பொறுப்பில் எழுதி வைக்கப்பட்டது. இரண்டாவது காரணம் தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லவேண்டியது: அந்தச் சுற்றுச்சுவரின் வாயிலில் காவலிருந்து, புல்வெட்டி, வந்தவர்க்குக் கதவு திறந்துவிட்டது ஓர் இந்தியக் குடும்பம். யூதரின் எபிரேய எழுத்தை வாசிக்க அறியாதவர் அவ்வெழுத்தைக் காத்தனர்.

இதனைச் சொன்னவுடன் ஒரு சாரார் முகம் சுளிப்பர். “யூதன் கல்லறையைப் பற்றி நமக்கென்ன? பாலஸ்தீனத்தில் நடப்பதைக் காணவில்லையா?” என்பர். பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை வெறுப்பது மனிதனுடைய கடமை. ஆயின் 1835ஆம் ஆண்டில் மண்ணுக்குள் சென்ற ஒரு மூதாட்டி, 1948ஆம் ஆண்டில் தோன்றிய ஓர் அரசின் செயலுக்கு எவ்வாறு பொறுப்பாவார்? நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று பழி சுமத்துவதற்கு வரலாறு என்று பெயரில்லை. அச்சாலைக்கு முன்பு யாஹுடி சாலை என்று பெயர். பின்னர் அது ஜாலான் சைனால் அபிடின் ஆயிற்று. நாட்டுப் பெரியாரின் பெயரைச் சாலைக்கு இடுவது தவறன்று; சாலைகள் நிறைய உண்டு. ஆனால் ஒரு சமூகம் வாழ்ந்தது என்பதற்குத் தெருவில் இருந்த ஒரே சொல்லை அழித்து அவ்விடத்தில் இட்டதுதான் வினாவுக்குரியது. தோட்டப் பெயர்களை அழித்து ‘ஹைட்ஸ்’ என்றும் ‘கார்டன்’ என்றும் எழுதும்போது தமிழர் நெஞ்சில் எது குத்துகிறதோ, அதுவே அங்கும் குத்துகிறது. தன் வலியை மட்டும் அறிந்தவனுடைய முறையீட்டை எந்த அலுவலகமும் நெடுநாள் கேட்டுக்கொண்டிராது.

பினாங்குக் கல்லறையில் ஒரு கல்லறைக்கு மட்டும் தனிப் பராமரிப்பு உண்டு. எலியாஹோ ஹாயீம் விக்டர் கோஹென் என்னும் இளம் அதிகாரி. இந்தியப் பட்டாளத்தின் 9ஆவது ஜாட் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1941ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் விபத்தில் மாண்டார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அந்த ஒரு கல்லறையைக் கவனித்து வருகிறது. பட்டியலில் பெயர் இருந்ததால் பராமரிப்பு உண்டு. அதே ஆணையம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 6,900க்கு மேற்பட்ட போர்க்கைதிகளின் கல்லறைகளைப் பூந்தோட்டம்போல் வைத்திருக்கிறது. அவர்களோடு அதே 415 கிலோமீட்டர் தண்டவாளத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் மாண்டனர். வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் வீழ்ந்த அவர்களை ஒரே குழியில் தள்ளி மூடினர். அவர்களுக்குப் பட்டியல் இல்லை. ஆதலின் கல் இல்லை. காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாகத் தமிழர் ஒரு நடுகல் நாட்டுவதற்கு 2023ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. தண்டவாளம் இணைந்து எண்பது ஆண்டுகள் சென்றபின்! இதற்கு வெள்ளைக்காரனையும் ஜப்பானியனையும் மட்டும் நோவதில் பயனில்லை. அந்த எண்பது ஆண்டுகளில் தமிழருக்கு அமைச்சர்கள் இருந்தனர், சங்கங்கள் இருந்தன, மாநாடுகள் நடந்தன, மாநாட்டு மலர்கள் கனமாகவே வெளிவந்தன.

இனி, பண்டிதர் சிலர் எழுப்பும் தடை ஒன்று உண்டு. “எரிப்பதே தமிழர் மரபு, கல்லறை நமக்கு அந்நியம்” என்பது அது. இவர்கள் இலக்கியத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் போலும். ஆதிச்சநல்லூரில் மண்ணைத் தோண்டியபோது வந்தவை என்ன? தாழிகள், தாழிக்குள் எலும்புகள். இறந்தவனைக் கவிக்கும் தாழியைப் பெரிதாக வனையுமாறு குயவனிடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருப்பதை எந்த ஆசிரியர் அறியார்? வீரனுக்குக் கல் நாட்டும் முறையைப் படிப்படியாக வகுத்துக் கூறியது தொல்காப்பியம். மாண்ட அரசர்க்குச் சோழர் பள்ளிப்படை எழுப்பினர். இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எழுப்பிய பஞ்சவன்மாதேவீச்சரம் பட்டீசுவரத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. சித்தர் அடங்கிய இடங்கள் கோயில்களாயின. எரித்தலும் உண்டு, புதைத்தலும் உண்டு, குலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப இரண்டும் வழங்கின. தோட்டப்புறத்திலோ புதைத்தலே மிகுதி. விறகுக்கும் நெய்க்கும் காசில்லாதவன் புதைத்தான். குலவழக்கால் புதைத்தவரும் பலர். மண்மேடு, தலைமாட்டில் ஒரு கட்டை, பால் தெளித்த நாளில் ஒரு விளக்கு. சற்று வசதி உள்ள கங்காணி வீட்டார் சிமெண்டில் ஒரு மேடை கட்டினர். கட்டை ஓரிரண்டு மழைக்காலம் தாங்கும். அதன்பின் அடையாளம், உற்றாரின் கால்நடை பழகிய பாதை ஒன்றே. உற்றாரை வெளியேற்றியதும் பாதையில் லாலான் மூடியது. கல் இல்லாமற் போனதைக் காட்டி ‘கல்லறை மரபே இல்லை’ என்பது, ஏழையின் தட்டு காலியாக இருப்பதைக் காட்டி அவன் நோன்பிருப்பவன் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எழுத்து மட்டும் இருந்தால் போதுமா என்றும் கேட்கவேண்டும். கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்து மாள என்னும் சிற்றூர் இதற்கு விடை தரும். அங்கே வாழ்ந்த யூதர்கள் 1955ஆம் ஆண்டளவில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். போகுமுன் அவர்கள் செய்த காரியம் போற்றத்தக்கது. ஊர்ப் பஞ்சாயத்தோடு உடன்படிக்கை எழுதினர். தொழுகைக்கூடத்தைப் பொதுப்பயனுக்கு ஒப்படைத்தனர். ஏறத்தாழ நான்கு ஏக்கர் கல்லறை நிலத்தைக் காத்துத் தருமாறு கேட்டு எழுதி வாங்கினர். பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டது. பின்னர் நடந்தது என்ன? அந்நிலத்தின் ஒரு பகுதியை விளையாட்டரங்கம் ஆக்க முற்பட்டதே பஞ்சாயத்துதான். இன்று அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க கல்லறைகளே கண்ணுக்குத் தெரிகின்றன. காவலன் என்று கையெழுத்திட்டவனே வேலியைப் பிரித்தான். ஆனால் அதனை எதிர்த்து எழுந்தவரும் அவ்வூராரே. யூதர் ஒருவரும் இல்லாத ஊரில், இந்துக்களும் கிறித்துவரும் முஸ்லிம்களும் மரபுரிமைப் பாதுகாப்புக்கென ஒரு குழு கூட்டி, பழைய உடன்படிக்கையைக் கையில் ஏந்தி வாதாடினர். எழுத்து இல்லையேல் அவர்கள் எதனைக் காட்டியிருப்பர்? அவர்கள் இல்லையேல் எழுத்துதான் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

அதே கேரளத்தில் சேந்தமங்கலம் தொழுகைக்கூடத்தின் முன்னே ஒரு நடுகல் நிற்கிறது. இஸ்ரேலின் மகள் சாரா என்பவருடையது, 1269ஆம் ஆண்டுக்குரியது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளுள் மிகப் பழையது என்று கருதப்படுவது. பாண்டியர் ஆண்ட நாளில் மாண்ட ஒரு பெண்ணின் பெயரை இன்றும் வாசிக்கலாம். தெப்ராவில் 1960ஆம் ஆண்டில் மாண்ட ஒரு பால்வெட்டுக்காரியின் பெயரை வாசிக்க ஓர் இடமுமில்லை. சென்னையில் மின்ட் தெருப் பக்கம் இருந்த யூதர் கல்லறைக் கற்களோ இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட்டு, இறுதியில் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. தலைநகரில் நகராண்மை இருந்தும், வணிகர் சமூகம் இருந்தும் கற்கள் அலைந்தன என்றால், ஜொகூர்த் தோட்டத்து மண்மேட்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியச் சீனர் செய்ததை இங்கே குறிப்பிடாமல் செல்வது முறையன்று. மலாக்காவின் புக்கிட் சீனா குன்றில் 12,000க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. செங் ஹூன் தெங் கோயிலின் அறங்காவலர் பொறுப்பில் உள்ள நிலம் அது. 1984ஆம் ஆண்டில் மாநில அரசு அக்குன்றை வெட்டி மேம்படுத்தத் திட்டமிட்டது; நிலவரி நிலுவை என்று 20 லட்சம் வெள்ளிக்கு மேல் கணக்கும் நீட்டியது. சீனர் சங்கங்கள் கட்சி வேறுபாடு பாராமல் ஒன்றுகூடின. நாடெங்கும் லட்சக்கணக்கில் கையெழுத்துத் திரண்டது. திட்டம் கைவிடப்பட்டது. குன்று நிற்கிறது. மாலை வேளையில் எல்லா இனத்தவரும் அதன்மேல் உலாவுகின்றனர். கல்லறை நிலம் நகருக்கு மூச்சு விடும் இடமாயிற்று. “மாண்டவர் நிலம் வாழ்பவனுக்குப் பயன்படாது” என்போர் ஒருமுறை மலாக்காவுக்குப் போய் வரலாம்.

தமிழர் சார்பில் அப்படி ஒரு கையெழுத்து எந்த மயானத்துக்காகத் திரண்டது? 2007ஆம் ஆண்டில் கோயில் இடிப்பு ஒன்று நாட்டையே குலுக்கியது. கோயிலுக்காக எழுந்தது தக்கதே. ஆயின் கோயிலுக்கு எழும் குரல் மயானத்துக்கு எழுவதில்லை. கோயிலில் தலைவர் பதவி உண்டு, திருவிழா உண்டு, மாலை மரியாதை உண்டு. மயானத்தில் இவை இல்லை. அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் சிலர் சினப்பர், சினக்கட்டும். தோட்டத் துண்டாடலின்போது துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960ஆம் ஆண்டில் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்களை வாங்கினர். அந்த அருஞ்செயல் வாழ்பவர் காலடி மண்ணைச் சில இடங்களிலேனும் காத்தது. மாண்டோர் மண்ணுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் எழவில்லை.

சட்டம் இடந்தரவில்லை என்பதும் பொய். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 62ஆம் பிரிவின்கீழ், பொதுநோக்கத்துக்கென அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிட மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தனியார் கையிலுள்ள நிலமாயின் 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் உண்டு. சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் எடுக்கத் தெரிந்த அரசுக்கு அரை ஏக்கர் மயானம் எடுக்கத் தெரியாதா? 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் புதைகாடு, எரிகாடு பற்றிய பகுதி உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் உண்டு. சட்டங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின்கீழ் விண்ணப்பம் எழுதத்தான் ஆளில்லை. “இது எங்கள் மயானம்” என்று கூட்டத்தில் முழங்குவது எளிது. மனை எண், எல்லை, வரைபடம் இவற்றோடு நில அலுவலகத்து மேசையில் ஒரு தாளை வைப்பது அரிது. முழக்கத்தை அன்று, தாளைத்தான் அதிகாரி கோப்பில் வைப்பார்.

புதுப்பித்தல் என்னும் பெயரில் நடக்கும் அழிவையும் கண்டித்தே ஆகவேண்டும். தமிழரிடம் ஒரு தீராத பழக்கம் உண்டு: பழையதைக் கண்டால் அதன்மேல் சிமெண்டைப் பூசுவது, ஓடு பதிப்பது, பளிச்சென்று சாயம் அடிப்பது. கோயில்களில் சோழர் எழுத்து வெள்ளையடிப்பில் மறைந்தது இவ்வாறே. பினாங்கு யூதர் கல்லறையும் இதற்குத் தப்பவில்லை. முன்பு பசும்புல் விரிந்திருந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று சிமெண்டால் மூடப்பட்டுள்ளது. களை முளைக்காது என்பது உண்மை. ஆனால் சிமெண்டுத் தளம் மண்ணின் ஈரத்தை மூச்சுவிட விடாது. அந்த ஈரம் கல்லின் வழியே ஏறி, உப்பைக் கொண்டுவந்து முகப்பிலே கக்கும். முகப்பு பொருக்குப் பொருக்காய் உதிரும். உதிர்வது முதலில் எழுத்து.

யூதர் மரபில் கல்லறை என்பது நிலையான வீடு. எபிரேயத்தில் அதற்கு ‘வாழ்வோர் இல்லம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. உடலைத் தோண்டி இடம் மாற்றுவது அவர்களுக்குத் தகாத செயல். ஐரோப்பாவில் நாஜிகள் யூதர் கல்லறைக் கற்களைப் பிடுங்கிச் சாலைக்குப் பாவினர். போலந்தில் மட்டும் ஏறத்தாழ 1,200 யூதக் கல்லறைகள் இருந்தன. அவற்றுட் பல, யூதர் எவரும் மிஞ்சாத சிற்றூர்களில் காடு மண்டிக் கிடந்தன. அங்கே பல ஊர்களில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே புதர் வெட்டினர்; பாவிய கற்களைத் தேடி மீட்டனர். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஐரோப்பிய யூதக் கல்லறைப் பாதுகாப்பு முயற்சி ஒன்று முதற்பணியாகக் கொண்டது வேலியையே. எல்லையை அளந்து வேலி கட்டிவிட்டால் ஆக்கிரமிப்பு நிற்கும். ஏனைய பணிகளுக்குக் காலம் உண்டு. தோண்டுவதில்லை, கற்களைத் தேய்ப்பதில்லை, சாய்ந்ததை நிமிர்த்துகின்றனர், படிக்கின்றனர், படமெடுக்கின்றனர்.

இம்முறை ஜொகூருக்கும் பொருந்தும். எஞ்சியிருக்கும் மயானத்தில் மரவேரைப் பிடுங்கலாகாது. பிடுங்கினால் மேடை பிளக்கும். அடியோடு வெட்டி விட்டால் போதும். தேய்ந்த எழுத்தில் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்த்துப் படிக்கும் பழக்கத்தை மாணவர் விடவேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது அதே எழுத்து தானே எழுந்து நிற்கும். அவ்வேளையில் படம் எடுக்கலாம். அமிலம் ஊற்றிக் கழுவுவது கொலைக்கு நிகர். தண்ணீரும் மெல்லிய நார்த் தூரிகையும் போதும். ஒவ்வொரு மேட்டுக்கும் எண் இட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள தொலைவை நாடாவால் அளந்து, வரைபடம் வரையவேண்டும். கல் இல்லாத மேடும் மேடே. அதற்கும் எண் உண்டு. கணக்குப் பாடமும் வரலாறும் மொழியும் ஒருங்கே கற்பிக்க இதனினும் நல்ல களம் எங்கே கிடைக்கும்? தேர்வில் வராது என்று ஆசிரியர் சிலர் தயங்குவர். தேர்வில் வருவனவற்றை மட்டும் கற்பித்ததால்தானே தன் பாட்டன் புதைந்த இடம் தெரியாத ஒரு தலைமுறை உருவாயிற்று!

மேடே இல்லாமற் போன இடங்கள் பல. தெப்ராவின் பெரும்பகுதி அத்தகையது. அங்கே புதர் வெட்ட இடமில்லை. தார்ச்சாலையைத் தோண்டுவதும் ஆகாது. ஆனால் பெயர்களை மீட்கலாம். தோட்ட அலுவலகங்களின் செக்ரோல் ஏடுகள், கோயில் கணக்குப் புத்தகங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வீடுகளின் பெட்டிக்கடியில் மடித்து வைத்த மரணச் சான்றிதழ்கள் இவற்றில் பெயர்கள் உறங்குகின்றன. இறந்த தோட்டத்தின் பெயர் அச்சான்றிதழில் இருக்கும். பழைய நில அளவை வரைபடத்தையும் முதியோர் சொல்லையும் ஒப்பிட்டால் மயானம் இருந்த இடத்தை ஓரளவுக்குச் சுட்டலாம். சுட்டிய இடத்தில் நகராண்மையின் இசைவோடு ஒரு கல். அக்கல்லில் மீட்ட பெயர்கள், தமிழிலும் மலாயிலும். பேரங்காடிக்குப் போகும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் அதனைப் படிக்கவேண்டும். தமிழிலே மட்டும் எழுதித் தமிழர் மட்டும் படித்துத் தமிழர் மட்டும் அழுவதில் பொருளில்லை.

மேம்பாட்டாளர்கள் இதற்கு இடந்தர மாட்டார்கள் என்று கேளாமலே சொல்வோர் உண்டு. கேட்டவர் எத்தனை பேர்? ஜொகூர் பாருவில் கெபுன் தே பகுதியில் ஜப்பானியர் கல்லறை ஒன்று பேணப்பட்டு வருகிறது. படையெடுத்து வந்த நாட்டின் மக்களுக்கு இந்நகரில் இடமுண்டு, இடமிருப்பது முறையே. அதே நகரின் எல்லையில் காட்டை அழித்து, ரப்பர் நட்டு, பால் சுமந்து மாண்டவருக்கு ஒரு கல்லளவு இடம் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

காலம் மட்டும் காத்திராது. 1950களில் தெப்ராவ் வட்டாரத்தில் கோப்பை தூக்கியவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். எந்தச் சரிவில் மயானம் இருந்தது, எந்த வேப்பமரத்துக்கு அப்பால் குழந்தைகளைப் புதைத்தனர், மழைக்காலத்தில் எந்த ஆற்றங்கரை சரிந்து மேடுகள் போயின என்பன அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. சங்கத்தின் கிளைகள் அடுத்த கவியரங்கத்தை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம். ஆசிரியர் ஒருவர், மாணவர் நால்வர், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு குறிப்பேடு இவை போதும். வரும் பள்ளி விடுமுறையின் முதற் சனிக்கிழமை அவர்கள் வீடுகளுக்குச் செல்லவேண்டும். முதற்கேள்வியாக, யாரை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கவேண்டும்.